புது ஊசி

வலங்கைமானில் சதீஷ் வீட்டு முன்னறையில், வீரையன் கொண்டுவந்த நாகஸ்வர இசைத்தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் கறுப்பில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. தன் வீட்டு ப்ளேயரில் சத்தம் துல்லியமாகக் கேட்க, அதன் அடியில் வைக்க வீரையன் கனமான கருங்கல் பலகை வாங்கினான், தட்டுக்கடியில் தோல் விரிப்பு வாங்கினான், தடித்த ஒயரும் வாங்கினான். இங்கே பிளாஸ்டிக் மேசைமேல் ஒரு சாதாரண ப்ளேயர். ஆனாலும் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. "ஊசியை மட்டுந்தாங்க மாத்துனேன்" என்கிறான் சதீஷ். வீரையன் அதைப் பாதிதான் காதில் வாங்குகிறான். அவன் தன் மனைவி விஜயலட்சுமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் கண்ணை மூடியிருக்கிறாள். விரல்கள் முழங்காலில் தாளம் போடுகின்றன. வீட்டில் இதே தட்டு ஓடும்போது அவள் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கம் முடிகிறது. "அடுத்த பக்கமும் போடுங்க அத்தான்" என்று அவள் தன் அத்தை மகன் சதீஷிடம் சொல்கிறாள். "நான் போடறேன்" என்று வீரையன் முந்திக்கொண்டு எழுகிறான். தட்டைத் திருப்பி வைக்கிறான். மயிரிழை போன்ற அந்த ஊசி அவன் விரலுக்குக் கீழே மினுங்குகிறது. சற்றே அழுத்தினால் வளைந்துவிடும். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே வயலில் நடவு மிஷின் சத்தம் நின்றுபோகிறது. "பாத்துங்க" என்கிறாள் விஜயலட்சுமி. அவள் கண் ஊசிமேலேயே இருக்கிறது. வீரையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்குகிறான். தவில் எழுகிறது. அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்கிறாள். "இந்த ஊசி எங்க கிடைக்கும்?" என்று சதீஷிடம் கேட்கிறான் வீரையன், அவன் முகத்தைப் பார்க்காமல்.