தலை வாரிய ஜாம்பிகள்

“இது ஜாம்பியா? புது மாப்பிள்ளை மாதிரி இருக்கார்!”

டைரக்டர் போட்ட சத்தத்தில் காலிச் செருப்புக்கடையின் வெற்று அலமாரிகள்கூட அதிர்ந்தன.

டைரக்டர் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பட்டம். மற்ற ஆறு நாளும் அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். செத்தவர்கள் எழுந்து வந்து ஊரைத் துரத்துகிற படம். பார்க்கிறவர்கள் முதலில் அலற வேண்டும். அலறியதை நினைத்து அடுத்த நொடியே சிரிக்க வேண்டும். அதற்காக ஒன்றரை வருஷமாகக் கதை எழுதி, கூட வேலை பார்க்கிற ஆறு பேரையே ஜாம்பிகளாக்கி, பீட்ரூட்டும் சர்க்கரைப் பாகும் காய்ச்சி ரத்தம் தயாரித்திருந்தாள்.

கடை இன்று ஒருநாள்தான். நாளை பெயின்ட் அடிக்க ஆள் வருகிறது. கேமராவும் ஆறு மணி வரைதான். கேமராமேன் ஒரு கல்யாண போட்டோகிராபர். சாயங்காலம் அவருக்கு ரிசப்ஷன் இருந்தது.

இந்த லட்சணத்தில், மேக்கப் போட வர வேண்டிய தோழி காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் மாமாதான் கைகொடுத்தார்.

“எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க. தங்கமான கை. இதுவரைக்கும் ஒருத்தர்கூட குறை சொன்னதில்லை.”

கூட்டிவந்து இறக்கிவிட்டவர், போன் வரவும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார்.

வந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சின்னப் பெட்டி, சன்னக் குரல். உட்கார வைத்து மேக்கப் போட அவருக்கு வரவில்லை. செருப்பு போட்டுப் பார்க்கும் பெஞ்சில் ஒவ்வொருவரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்.

“என்னக்கா, ஃபேஷியலா?” என்று கேலி செய்தபடி படுத்தார் மருந்துக்கடை மேனேஜர்.

“இப்படித்தாங்க பழக்கம். கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கங்க.”

அரை மணியில் மேனேஜரின் கன்னத்துப் பள்ளம் நிரம்பியிருந்தது. கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பைக் காணோம். கலைத்துவிடச் சொன்ன தலை படிய வாரப்பட்டிருந்தது. வேண்டுமென்றே கிழித்த சட்டைக்கு ஊக்கு குத்தி, மேல் பொத்தானையும் போட்டுவிட்டிருந்தார்.

“அக்கா, முகம் அழுகிப் போயிருக்கணும். ஒரு காயமாவது போடுங்க!”

“போட்டேனேம்மா.”

“எங்கே?”

“பார்க்க நல்லா இல்ல. அதான் மறைச்சுட்டேன்.”

மறுபடியும் பெஞ்ச். மறுபடியும் “சரிம்மா”. அடுத்த ஜாம்பி இன்னும் லட்சணமாக எழுந்து வந்தது.

மணி நாலரை. டைரக்டருக்குப் பொறுமை போயே போய்விட்டது.

“நீங்க பிணத்தையே பார்த்ததில்லையா? செத்தவங்க இப்படியா இருப்பாங்க?”

அக்கா பிரஷ்ஷைத் துடைத்தபடி நின்றார்.

“பார்க்கறவங்க பயந்துடக் கூடாதேன்னுதான்...”

“பயப்படணும்! அதுக்குத்தானே படமே எடுக்கறேன்!”

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, மேனேஜர் கண்ணாடிப் பக்கம் போனார். செருப்புக்கடைக் கண்ணாடி முழங்கால் உயரம்தானே? மண்டி போட்டு, குனிந்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“அடேயப்பா! என் கல்யாணத்துலகூட நான் இவ்வளவு அழகா இல்லை. ரொம்ப தேங்க்ஸ்க்கா!”

அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

‘பெரியவங்களை அழ வச்சுட்டோமே’ என்று டைரக்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது.

“சரி, இப்படியே எடுத்துடலாம். கதவைத் திறங்க.”

ஆறு ஜாம்பிகளும் ஒரு காலை இழுத்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, உறுமியபடி உள்ளே வந்தார்கள். படிய வாரிய தலை, பொத்தான் போட்ட சட்டை, பளபளவென்று முகம்.

கல்லாவில் நின்ற கதாநாயகி, டைரக்டரின் அண்ணி, இந்த இடத்தில் வீறிட வேண்டும். அவள் வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். அவசரமாகத் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க சார், என்ன சைஸ்?”

இது வசனத்திலேயே இல்லை. கேமராமேன் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. முன்னால் வந்த மேனேஜர் உறுமலை விட்டுவிட்டு, “எட்டு” என்றார்.

டைரக்டர் ‘கட்’ சொல்ல வாய் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக எழுதி எழுதி அடித்தும் வராத காட்சி, ஓசியில் வந்து விழுந்திருந்தது. கோடி கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை ஏது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், பெட்டியை மூடிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்கக்கா. வாய்க்கு வந்தபடி பேசி உங்களை அழ வச்சுட்டேன். நீங்கதான் என் படத்தையே காப்பாத்தியிருக்கீங்க.”

“ஐயோ, நீ பேசினதுக்கா அழுதேன்? நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும்.”

“எனக்கா? எதுக்கு?”

“ஆஸ்பத்திரி பிணவறையில இருபத்திரண்டு வருஷமா இந்த வேலைதான் பார்க்கறேன். சொந்தக்காரங்க மனசுல கடைசியா நிக்கப்போற முகமாச்சேன்னு, துடைச்சு, தலை வாரி, பார்த்துப் பார்த்துச் செய்வேன்.”

அக்கா புறங்கையால் கண்ணை ஒற்றிக்கொண்டு சிரித்தார்.

“எழுந்து போய்க் கண்ணாடி பார்த்துட்டு, ஒருத்தர் எனக்கு தேங்க்ஸ் சொன்னது இன்னிக்குத்தாம்மா முதல் தடவை.”