நீர் ஏறும் நேரம்

மலர்வளையம் போகவில்லை.

முகத்துவாரத்தில் வள்ளத்தை நிறுத்தி, கடலில் போனவர்களின் பெயர்களை வாசித்து, விசில் ஊதி, பக்குவமாகத்தான் தண்ணீரில் இறக்கினார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, கரையைப் பார்த்து வரத் தொடங்கியது.

வள்ளத்தில் ஒன்பது பேர். எல்லோரும் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒன்பது பேரும் சல்யூட் அடித்தபடி நின்றார்கள்.

வளையம் கண்ணுக்கு மறையும்வரை கையை இறக்கக் கூடாது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் சட்டம்.

இது மறைகிற வழியாக இல்லை.

கைகள் ஒவ்வொன்றாக நடுங்க ஆரம்பித்தன. மூட்டுவலிக்காரர்களுக்கு நல்ல சோதனை.

"என்ன ஓய்," என்றார் சங்கத் தலைவர் மச்சாது, தலையைத் திருப்பாமல். "ஏத்தத்துல கொண்டாந்து விட்டுட்டீரே."

கேட்கப்பட்டவர் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நேரம் குறிப்பது அவருடைய வேலை. நீர் வற்றும்போது விட்டால் கடல் வாங்கிக்கொள்ளும். ஏறும்போது விட்டால் கரைக்குத் தள்ளிவிடும். ஊரில் மீன் கழுவுகிறவர்களுக்கும் தெரிந்த சங்கதி. அவரோ இருபத்திரண்டு வருடம் கப்பலில் நீரோட்டம் பார்த்தே சம்பளம் வாங்கியவர். பதினாறு வருடமாகச் சங்கத்துக்கும் அவர்தான் நேரம் குறித்துக் கொடுக்கிறார். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

வாசித்த பெயர்களில் கடைசிப் பெயர் கிளிட்டஸ்.

அவருடைய மகன். அப்பாவைப் பார்த்துக் கடற்படைக்குப் போனவன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு புயலில் கப்பலின் மேல்தளத்திலிருந்து விழுந்தான். பதினொரு நாள் தேடினார்கள். அந்தப் பதினொரு நாளும் சங்கத்துக்காரர்கள் முறை வைத்து வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். சோறு கொண்டுவந்தார்கள். போனை அவர்களே எடுத்தார்கள்.

உடல் கிடைக்கவில்லை.

கரையில் அவருடைய மனைவி செலஸ்தீனா நின்றிருந்தாள். மூன்று வருடமாக நினைவு நாளில் அதே இடத்தில்தான் நிற்கிறாள். வளையம் கடலுக்குள் போய் மறையும். பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன மாதம் கல்லறைத் திருநாள்.

ஊரே அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியது. அவளும் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தாள். அதைப் பிரிக்காமல் கையில் பிடித்தபடி கல்லறைத் தோட்டத்தை மூன்று சுற்று சுற்றி வந்தாள். அவர் பின்னாலேயே நடந்தார்.

திரும்பும் வழியில்தான் பேசினாள்.

"எல்லாம் அங்கனயே போவுது. ஒண்ணுகூடத் திரும்பி வராதா? பொதைக்கதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்லா."

மறுநாள் காலை அவர் ஏற்றவற்ற அட்டவணையை விரித்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நினைவு நாளுக்குரிய வரியை மூன்று முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் நேரத்தை வட்டமிட்டார்.

வளையம் இப்போது கரையை நெருங்கிவிட்டது.

செலஸ்தீனா தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால்வரை போனாள். குனிந்து இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினாள். ஈரம் சொட்டச் சொட்ட மார்போடு சேர்த்துக்கொண்டு, ஒரு முறை வள்ளத்தைப் பார்த்தாள்.

"போதும்பா, இறக்குங்க," என்றார் மச்சாது. எட்டுக் கைகள் இறங்கின.

அவருடைய கை இறங்கவில்லை.

மச்சாது அவர் தோளைத் தொட்டார். "விடும் ஓய். வயசாயிட்டுல்லா. அடுத்த வருசம் வேற யாரையாவது நேரம் பாக்கச் சொல்லுவோம்."

"சரி," என்றார் அவர்.

பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது. இருக்கட்டும் என்று நின்றார்.

அவள் கரையேறி நடந்தாள். கோயில் முக்கில் பாதை பிரியும். இடது பக்கம் வீடு. வலது பக்கம் கல்லறைத் தோட்டம்.

அவள் வலது பக்கம் திரும்பினாள். தோட்டத்து மதில் அவளையும் வளையத்தையும் மறைத்தது.

அதன் பிறகுதான் அவர் கையை இறக்கினார்.