அழித்த படங்கள்

“அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. அப்பா கேமராவுல இருந்து படத்தை அழிச்சது நீங்கதானே?”

கேட்டவன் வீட்டின் இளைய மகன். மூத்த மருமகள் மடியிலிருந்த கேமராப் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் படம் எடுக்கும் நாள். காலையில் ஆளுக்கொரு கேமராவுடன் கிளம்புவார்கள். மாலையில் எல்லாருடைய படங்களும் கூடத்து டிவியில் ஓடும். சிறந்த படம் அச்சாகி, எடுத்தவர் பெயரோடு சுவரில் ஏறும். அண்மைக் காலமாகச் சுவரில் ஏறியவை எல்லாம் அப்பாவின் படங்களே.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாதான் விதிகளை வகுத்தவர். எடுத்த படம் எதையும் அழிக்கக் கூடாது. தப்பானாலும் எல்லார் முன்னிலையிலும் காட்ட வேண்டும். ஸ்டாண்ட் வைத்து எடுக்கக் கூடாது.

“கை நின்னா கேமரா நிக்கும். கை நிக்காதவங்க கேமராவைக் கீழ வச்சிரணும்” என்பார். தன் தம்பியின் கை ஆடத் தொடங்கியபோது அவரிடமும் அதையேதான் சொன்னார். அன்றோடு சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

மருமகளுக்குக் கேமரா கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமனாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போவாள். ‘வால்’ என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

“ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே வரிசையா நம்பர் போடும்” என்றான் இளையவன். “அப்பா படத்துல மட்டும் நடுநடுவுல நம்பர் குதிக்குது. பல வாரமா நடக்குது.”

“நானே பாத்தேன்” என்றாள் மகள். படங்களுக்கு மதிப்பெண் போடுகிறவள் என்பதால் வீட்டில் ‘ஜட்ஜம்மா’. “மத்தியானம் சமையல்கட்டுல நின்னு கேமராவை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் முந்தானையில மறைச்சாங்க.”

அவள் கணவனான மூத்தவன் குரலைத் தாழ்த்தினான். “ஏன் இப்படிப் பண்ண? அவருக்கு இருக்குற ஒரே சந்தோஷம் இதுதானே?”

“ஆமா, நான்தான் அழிச்சேன். பிடிக்கல, அழிச்சேன். போதுமா?”

“ஊசி போடுற கைக்குக் கேமரா பிடிக்கத் தெரியலைன்னு வயித்தெரிச்சல். அதைச் சொல்லுங்க” என்றாள் ஜட்ஜம்மா.

“விடுங்கடா” என்றார் அப்பா. கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, அக்குளில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“நீங்க சும்மா இருங்கப்பா. நீங்க குடுக்குற இடம்தான் இது. அடுத்த வாரத்துலேர்ந்து அண்ணி நம்மகூட வர வேண்டாம். அவ்வளவுதான்” என்றான் இளையவன்.

மருமகள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அப்ப மாமாகூட யாரு போவாங்க?”

“ஏன், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக அவர் என்ன குழந்தையா?”

அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

இளையவனுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. மடிக்கணினியைக் கொண்டுவந்து டிவியோடு இணைத்து, அப்பா கேமராவின் மெமரி கார்டை அதில் செருகினான். “அழிச்சா மட்டும் போயிடுமா? மேல வேற படம் பதியாத வரைக்கும் கார்டுக்குள்ளயேதான் இருக்கும். எல்லாத்தையும் மீட்டுடலாம்.”

“வேண்டாம்” என்றாள் மருமகள். “உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், வேண்டாம்.”

அந்தக் கெஞ்சல் அவனுக்கு இன்னொரு சாட்சியாகவே பட்டது.

முதல் படம் திரையில் வந்தது. ஆற்றுப் பாலம், ஒன்றின் மேல் ஒன்றாக இழுபட்டுப் பல பாலங்களாகத் தெரிந்தது.

“பாலமே டான்ஸ் ஆடுது!” என்று சிரித்தாள் ஜட்ஜம்மா. “திருட்டுத்தனமா எடுத்துப் பழகியிருக்கீங்க, அப்படித்தானே? மானம் போயிடும்னு அழிச்சீங்களா?”

“ஆமா” என்றாள் மருமகள் சட்டென்று. “நான் எடுத்ததுதான். சரியா வரல.”

அடுத்தது, ஊஞ்சலில் ஒரு குழந்தை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தீற்றல்.

மூன்றாவது படம் துல்லியமாக இருந்தது. நீலச் சாயம் உரிந்த ஒரு சுவர். எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் காலை வெயில் இருந்திருக்க வேண்டும். நிழல் சுவரில் முழுதாக விழுந்திருந்தது.

விளிம்பு அகன்ற தொப்பி. அந்தத் தொப்பி அப்பாவுடையது. கண்ணருகே கேமரா. உயர்த்திய முழங்கைகள்.

அவருக்குப் பின்னால் இன்னொரு நிழல், தோளில் தொங்கும் பையோடு. அந்த நிழலின் இரண்டு கைகளும் அவருடைய முழங்கைகளைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருந்தன.

யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கட்டியிருந்த கைகளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அங்கிருந்த தம்ளர் தண்ணீரில் அலை எழுந்து, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளா, அப்பா?” என்றான் மூத்தவன். பிறகு, “அப்படின்னா சித்தப்பாவை மட்டும்...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான்.

“அவனைத் தாங்கிப் பிடிக்க யாரும் இல்ல” என்றார் அப்பா.

இளையவன் தலையைக் குனிந்தபடி திரையை அணைத்தான். ஜட்ஜம்மா அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை.

“மூத்தவனே, சுவத்துல இருக்குற என் படம் அத்தனையையும் கீழ இறக்கு.”

“எதுக்குப்பா? உங்க கை இப்படி ஆச்சுங்குறதுக்காக...”

“இறக்குடா. எல்லாத்துலயும் ஒரு பேர் குறையுது.”