வீட்டம்மா செஞ்ச வீட்டுப்பாடம்

"துண்டு தொவைச்சுப் போடுன்னா, போனுக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டு என்னடி பண்றே?"

சலூன்காரர் போட்ட சத்தத்துல, நாற்காலியில நுரையோட உக்காந்திருந்த டிரைவர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாரு. பின்னே? கத்தி அவரு கழுத்துலல்ல இருக்கு!

வீட்டம்மா காதுல மாட்டினதைக் கழட்டினாங்க. "பாடம் கேக்கறேங்க. சின்னதா கடை வெச்சிருக்கவங்க வியாபாரத்தை எப்படி வளக்கறதுன்னு பத்து பத்து நிமிஷமா சொல்லித் தர்றாங்க."

"பத்து நிமிஷத்துல முதலாளி ஆக்கிடுவாங்களா? இந்த டிரைவர் சாரோட ஒரு தாடை முடிக்கவே எனக்குப் பத்து நிமிஷம். சாருக்கு மூணு தாடை இருக்கு!"

காத்திருந்த ரெண்டு பேரும் குபீர்னு சிரிச்சாங்க. டிரைவரும் சிரிச்சாரு. ஆனா ஷேவிங் முடிஞ்சதும் மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, மீதிச் சில்லறைகூட வாங்காம கிளம்பிட்டாரு.

அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல.

தெருமுனையில புதுசா ஒரு ஏசி சலூன் வந்திருக்கு. ஒவ்வொருத்தரா அங்க நழுவிட்டாங்க. இங்க நாற்காலி காத்து வாங்குது. இப்படியே போனா கடையைப் பூட்டிட்டு, அதே ஏசிக் கடையில போய் கூலிக்கு வெட்ட வேண்டியதுதான். இப்படி ஆகிடும்னு பயந்துதான் வீட்டம்மா முன்னாடியே பாடம் கேக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

"இந்த வாரம் வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்கங்க. வராம நின்னுபோன கஸ்டமருங்களைத் தேடிப் போய், ஏன் வரலைன்னு கேக்கணுமாம்."

"போய்க் கேளு. ஏசி இல்லன்னு எவனாவது அழுவான். என் கையைக் குறை சொல்ல ஒருத்தனுக்காவது நாக்கு வருமா?"

வீட்டம்மா போனாங்க. திரும்பி வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு.

"கண்ணுல என்னடி?"

"ரோட்டுல ஒரே தூசிங்க."

"சரி, என்ன சொன்னானுங்க?"

வீட்டம்மா தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. "ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதாம். பெஞ்சு ஆடுதாம்."

"என்னைப் பத்தி?"

"உங்க கை மாதிரி வராதுன்னாங்க."

"பாத்தியா!" சட்டை பட்டன் தெறிக்கிற அளவுக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

அன்னிக்கே ஃபேனை மாத்தினாரு. பெஞ்சுக்கு ஆணி அடிச்சாரு.

மறுநாள் வீட்டம்மா மெதுவா பக்கத்துல வந்தாங்க. "ஏங்க, அடுத்த பாடம் வந்திருக்கு. பெரிய பெரிய கடையிலெல்லாம் வெட்டறவரு வாயே திறக்க மாட்டாராம். மெல்லிசா பாட்டு மட்டும் ஓடுமாம். அதுதான் இப்ப கெத்தாம்."

"நான் என்ன துணிக்கடை பொம்மையா?"

"கொஞ்ச நாளு பாருங்களேன். பாடத்துல சொல்றாங்கல்ல?"

'கெத்து'ங்கற வார்த்தையில சலூன்காரர் விழுந்துட்டாரு. அன்னையிலருந்து கடையில ஊமை வேஷம். நாக்கு நமநமன்னு அரிக்கும். அப்பல்லாம் கத்தரியை ரெண்டு தடவை சும்மாவே ஆட்டி ஆத்திக்குவாரு.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. டிரைவர்கூட வந்தாரு.

"ஃபேனை மாத்தினதும் பாத்தியாடி?"ன்னு வீட்டுக்குள்ள போய்ப் பீத்திக்கிட்டாரு. "உன் பாடமும் நீயும்! எல்லாம் ஃபேன் பண்ற வேலை."

ஒருநாள் மத்தியானம் பிளம்பர் வந்தாரு. ரொம்ப நாளா எட்டிப் பாக்காத ஆளு. வெட்டி முடிச்சுக் கழுத்தைத் தட்டிவிடும்போது நெளிஞ்சாரு.

"அண்ணே, அக்கா வந்து கேட்டப்ப கொஞ்சம் சூடா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துச்சு. "அட, விடுங்க. ஃபேன்தானே? மாத்தியாச்சு."

"ஃபேனா?" பிளம்பர் முழிச்சாரு. "நான் எங்கண்ணே ஃபேனைச் சொன்னேன்? உங்க வாயைத்தானே சொன்னேன்?"

பிரஷ்ஷு அப்படியே நின்னுச்சு.

"கல்யாண விஷயமா ஒரு பொண்ணைப் பாக்கப் போறேன், நல்லா வெட்டி விடுங்கன்னு வந்து உக்காந்தேன். 'அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே பேசுங்க மாப்ளே, ஒருவேளை சரின்னு சொல்லுவாங்க'ன்னீங்க. கடையே சிரிச்சுது. நானும் சேந்து சிரிச்சேன். ஆனா அந்த வீட்டுக்கு நான் போகலண்ணே. பாதி வழியிலயே திரும்பிட்டேன்."

சலூன்காரர் பிரஷ்ஷை மேஜை மேல வெச்சாரு.

"சொன்னதும் அக்கா அழுதுட்டாங்க. டிரைவர் வீட்டுலயும் இதேதானாம், போன வீட்டுல எல்லாம் இதேதானாம். உங்களுக்காக ஒவ்வொரு வாசல்லயும் நின்னு மன்னிப்பு கேட்டிருக்காங்க. 'நான் பேசி மாத்திடறேன், ஒருதடவை வந்து பாருங்க'ன்னாங்க. சொன்னபடியே மாத்திட்டாங்களே! உங்ககிட்ட எதைச் சொல்லிண்ணே புரிய வெச்சாங்க?"

பிளம்பர் காசை வெச்சிட்டுக் கிளம்பினாரு.

சலூன்காரர் விளக்குமாத்தை எடுத்தாரு. கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாரு.

காஞ்ச துண்டுங்களை அள்ளிக்கிட்டு வீட்டம்மா உள்ளேருந்து வந்தாங்க. "பிளம்பர் தம்பி போறாப்ல இருக்கு? என்னங்க சொன்னாரு?"

சலூன்காரர் குனிஞ்ச தலை நிமிரல.

வீட்டம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. "அட, கடையில ஈ காக்கா இல்ல, இப்பவுமா பேசக் கூடாது? பரவால்லியே, பாடம் உங்களுக்குத்தான் நல்லா ஏறியிருக்கு!"