மெஷின் போட்ட செய்தி

வேலை போன நிருபர், வீட்டு மாடியறையில் சொந்தமாகச் செய்தித்தளம் தொடங்கினார். கேமரா பிடிப்பதும் விளம்பரம் பிடிப்பதும் மனைவி.

ஆனால் அவர் போடும் செய்தியெல்லாம், வார்த்தை மட்டும் மாறி, உடனே அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையின் தளத்திலும் வந்தது. விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"நாய் மாதிரி அலையறது நான். நோகாம எடுத்துப் போடறது நீங்களா சார்?"

"நான் எங்கேப்பா எடுத்தேன்? எல்லாம் மெஷின் பண்றது. அது என்ன போடுதுன்னு நான் பார்க்கறதுகூட இல்லை."

ஒரு வாரம் கழித்து ஆசிரியரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"எங்க தளத்துல ஒரு பொய்ச் செய்தி வந்திருக்கு. உன்கிட்டேருந்து சுட்டதுதானே?"

"என்னோடதுதான் சார். ஆனா பொய் இல்லை. உங்க முதலாளிகிட்டயே கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் போட்டேன்."



"அப்போ என்னை வேலையை விட்டுத் தூக்கினது நிஜமாப்பா?"

நிருபருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"ஆமா சார். உங்க கருத்தையும் சொல்லுங்க, சேர்த்துப் போட்டுடறேன்."