விடுபட்ட பெயர்

மளிகைக் கடைக் காலண்டரைப் படுக்கையறைக் கதவில் மாட்டிவிட்டு, மனோகரன் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். ஓட்டை மறைந்துவிட்டது. காலண்டரைக் கதவில் யாராவது மாட்டுவார்களா என்று கேட்டால் மட்டும் அவனிடம் பதில் இல்லை.

கேட்கக்கூடியவர் வந்துகொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் பிரிஜெட் ஆன்ட்டி, பக்கத்து வீட்டிலேயே இருப்பவர். பழைய வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் புதியதைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அதன் படத்தை நேற்றே போனில் அனுப்பிவிட்டார். மலாயில் இருந்ததைப் போனிலேயே தமிழாக்கிப் படித்த மனோகரன், நம்பாமல் மறுபடி முதலிலிருந்து படித்தான். போன வருடம் இருந்த அவன் பெயரைக் காணோம். குடியிருப்பவர் என்று அவன் மனைவி வாசுகியின் பெயர் மட்டும் இருந்தது.

வேறு யார் தங்குவதானாலும் வாசுகியின் சம்மதம் வேண்டும், பூட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை வாசுகிக்கு உண்டு என்று இரண்டு வரிகள் வேறு புதிதாகச் சேர்ந்திருந்தன. வாடகை ஏறவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

திருச்சியிலிருந்து வந்தவர்கள். வாசுகிக்குச் சுங்கை பட்டாணி நகரத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர் வேலை. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு பக்கத்து ஊரான இந்தச் சுங்கை லாலாங் வரை வந்து சேர்ந்தவன் மனோகரன். ஆம்பளை இருக்கும்போது பொண்டாட்டி பெயரில் எழுதுவானேன் என்று போன வருடம் அவனே முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

"வெளிநாட்டுக்காரங்கன்னா இளிச்சவாயனுங்கன்னு நெனைப்பாங்க லா தம்பி. கேக்காம சைன் பண்ணிடாதீங்க," என்று மளிகைக் கடை முனியாண்டி வேறு ஏற்றிவிட்டிருந்தார். காலண்டர் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் மனோகரனின் மனசாட்சி வேறு காரணம் சொன்னது. கதவு. போன வாரம் கோபத்தில் அவன் குத்திய குத்தில் பலகை உள்ளே போய்விட்டது. உள்பக்கம் தாழ் போட்டிருந்த கதவு அது. கோபம் எதற்கு என்று கேட்டால் சொல்ல வெட்கப்படுவான்.

அடுத்தவர் சொத்தை உடைத்துவிட்டோமே என்று அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசுகிக்குப் பிடித்த மீனைத் தேடி வாங்கி, அவனே பொரித்து, அவனே தட்டில் வைத்தான். அவள் சாப்பிட்டாள், கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டியபோதும், "நாளைக்கு வருவாங்கல்ல, அவங்களையே கேளுங்க," என்றுதான் சொன்னாள்.

பிரிஜெட் வந்து ஒப்பந்தத்தையும் பேனாவையும் மேசையில் வைத்து உட்கார்ந்ததும் வாசுகி டீ கொண்டுவந்து வைத்தாள். மனோகரன் கேட்டேவிட்டான்.

"ஆன்ட்டி, போன வருஷம் என் பேர் இருந்துச்சு. இதுல காணோமே?"

"விசா பாஸ் வாசுகி பேர்ல. மாசா மாசம் வீட்டுச் செவா கட்டுறது வாசுகி சம்பளத்துல. அப்போ வீடும் அவ பேர்லதானே லா தம்பி," என்றார் பிரிஜெட், டீயை ஆற்றிக்கொண்டே.

"பூட்ட மாத்தலாம்னு எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"பொம்பளப் பிள்ள. பயமில்லாம தூங்கணும்ல."

"நான் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?"

பிரிஜெட் டீயைக் கீழே வைத்தார். அவர் பார்வை காலண்டர் மேல் போய் நின்றது. மனோகரனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றினான்.

"நான்தான் ஆன்ட்டி ஒடச்சேன். மறைச்சது தப்புதான். புதுக் கதவு போட்டுக் குடுத்துடறேன். இதுக்காக எங்கள வெளிய அனுப்பிடாதீங்க. இந்த வீட்ட விட்டா எனக்கு இந்த ஊர்ல போக்கிடம் இல்ல."

"கதவு கெடக்கு லா," என்றார் பிரிஜெட். "அது ஒடஞ்ச சத்தம் எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு. ஒடஞ்சதுக்கு அப்புறம் இவ கத்துனதும் கேட்டுச்சு தம்பி."

மனோகரனின் முகம் செத்துவிட்டது. ஒரு வாரமாகக் கதவுக்காக வருந்தியதெல்லாம் அந்தக் கத்தலை நினைக்காமல் இருப்பதற்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்த வாசுகியைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்தான். கூனிக் குறுகி நின்றான்.

அந்த வெட்கமும் அவனிடம் அதிக நேரம் தங்கவில்லை. வாசுகி பேனாவை எடுத்ததும் பழகிய கோபம் வந்து சேர்ந்தது.

"வாசுகி, சைன் பண்ணாத. இது நம்ம குடும்ப விஷயம். இந்தம்மா நம்மளப் பிரிக்கப் பாக்குது. பேனாவ வை."

வாசுகி பேனாவை வைத்தாள். ஆனால் கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் வைத்தாள்.

"ஆன்ட்டிய ஒன்னும் சொல்லாதீங்க," என்றாள். "உங்க பேர எடுக்கச் சொன்னது நான்தான்."