பகல் ஷிப்டு

நாலாயிரத்து முந்நூறு ரூபாய். அந்தக் கடனோடுதான் இரவுக் காவலாளி செத்துப்போனான். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் காற்றூதும் அவனுடைய மெஷினை, பாதிக் கடனுக்கு ஈடாக, அவன் மனைவி, கடன் கொடுத்திருந்த லாரி ஓட்டுநரிடம் கொடுத்தாள்.

ஓட்டுநருக்கும் அதே கோளாறுதான். ராத்திரித் தூக்கம் கெட்டு, வண்டியிலேயே கண் சொக்கியது. மெஷின் பழகாவிட்டால் வேலை போய்விடும். புது மாஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டான்.

"தும்பிக்கை நல்லாத்தான் இருக்கு," என்று ஓட்டுநரின் மனைவி சிரித்தாள்.

மெல்ல மெல்லப் பழகியது. ஆனால் காற்று வறளாமலிருக்கக் காலையில் அவன் மெஷினில் ஊற்றிவைக்கும் தண்ணீர் சாயங்காலம் வற்றியிருந்தது. மாஸ்க்கின் பட்டையும் பெரிய தலைக்கு மாட்டினாற்போல் தளர்ந்திருந்தது.

"நான் தொடவே இல்லீங்க. நீங்க வேலைக்குப் போனதும் அதுவா ஓடுது," என்றாள் மனைவி.

"யாராச்சும் மாட்டி மூச்சு இழுத்தாத்தான்ணே ஓடும்," என்றான் மெஷினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்.

லீவு நாளில் ஓட்டுநர் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தான். வெயில் ஏறியதும் மெஷின் ஓடத் தொடங்கியது. தலையணை மெல்லக் குழிந்தது. காவலாளி பகலில்தானே தூங்குவான்! ஓட்டுநர் எழுந்து, வெளிச்சம் படாமல் திரையை இழுத்துவிட்டான்.

வாசலில் காவலாளியின் மனைவி நின்றாள். "அண்ணே, மீதிப் பணத்தையும் வாங்கிக்கங்க."

அவன் கை நீட்டவில்லை. "கணக்குத் தீர்ந்துச்சும்மா," என்றான் தணிந்த குரலில். "மெதுவாப் பேசு. உள்ள தூங்குறாங்க."